பச்சிளங்குழந்தைக்கு மஞ்சள் காமாலை: காலை வெயிலா, நீல விளக்கா?

"காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் காட்டு, சரியாகிவிடும்." பிள்ளை பெற்ற வீட்டில் இதைச் சொல்லாத பெரியவர்கள் இல்லை. சொல்வதில் உண்மையும் இருக்கிறது. மருத்துவமனையில் குழந்தையை நீல விளக்கின் கீழ் கிடத்தும் விளக்குச் சிகிச்சையே வெயிலில் இருந்து பிறந்ததுதான். 1956இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில் தலைமைச் செவிலியர் ஜீன் வார்ட் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். அப்படி ஒரு குழந்தைக்கு மேனியெல்லாம் மஞ்சள் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த முக்கோணம் மட்டும் அடர்மஞ்சளாகவே நின்றதை மருத்துவர்களுக்குக் காட்டினார். மருத்துவர் கிரெமர் குழுவினர் 1958இல் லான்செட் மருத்துவ இதழில் விளக்குச் சிகிச்சை பற்றி எழுதியதற்கு அதுவே தொடக்கம்.

அப்படியானால் வெயிலே போதாதா? போதாது. வேலை செய்வது ஏறத்தாழ 460 முதல் 490 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட நீல ஒளி. தோலை மஞ்சளாக்கும் பொருளான பிலிருபினின் வடிவத்தை அது மாற்றிவிடுகிறது. மாறிய பிலிருபின் கல்லீரலின் வழக்கமான வேலைக்குக் காத்திராமல் பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. வெயிலில் இந்த நீலத்தோடு புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்தே வருகின்றன. எவ்வளவு ஒளி உடம்பில் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இளவெயிலில் துணி சுற்றிய குழந்தைக்குக் கிடைப்பது சொற்பம். எனக்குப் பெரிய பயம் வேறு: "ரெண்டு நாள் வெயிலில் காட்டிப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் அந்த இரண்டு நாள். அளவு மீறிய பிலிருபின் மூளையில் படிந்தால் செவித்திறன் போகலாம், கைகால் இயக்கம் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

நைஜீரியாவின் லாகோஸில் வெயிலை முறையாகவே பயன்படுத்திப் பார்த்தார்கள். புற ஊதாவையும் சூட்டையும் தடுக்கும் படலம் போட்ட கூடாரங்களில் குழந்தைகளைக் கிடத்தினார்கள். வழக்கமான விளக்குக்கு அது குறைந்ததல்ல என்று 2015இல் முடிவு வந்தது. ஆனால் அங்கே குழந்தைகளின் உடல்வெப்பத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். நம் வீட்டு வாசல் வெயில் அதுவல்ல.

மருத்துவமனைக்குள் வந்தால் போட்டி டியூப் லைட்டுக்கும் எல்இடிக்கும். டியூப், சிஎஃப்எல் விளக்குகள் விலை குறைவு. கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்தபடியே நாளாக ஆக வீரியம் இழந்துவிடும். ஒளியை அளக்கும் மீட்டர் வைத்தால்தான் தெரியும். எல்இடியில் சூடு குறைவு, ஆயுள் பல மடங்கு. என் ஓட்டு எல்இடிக்கே. சென்னை ஃபீனிக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் 'பிரில்லியன்ஸ்', குறைந்த வசதியுள்ள மருத்துவமனைகளை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. தீவிர சிகிச்சைக்கு ஒரு சதுர செ.மீ.க்கு, ஒரு நானோமீட்டர் அலைநீளத்துக்கு 30 மைக்ரோவாட் ஒளி வீரியம் வேண்டும். விளக்கைத் தள்ளி வைத்தால் எந்த எல்இடியும் அதை எட்டாது.

குழந்தைக்கு அடியில் விரித்து ஒளி பாய்ச்சும் ஒளியிழை விரிப்பு தாய்மாருக்குப் பிடிக்கும். குழந்தையை மடியில் வைத்தே பால் கொடுக்கலாம். ஆனால் ஒளி படும் பரப்பு சிறியது. நிறைமாதக் குழந்தைக்கு அது மட்டும் போதாது. மேலே எல்இடி, கீழே விரிப்பு என்று சேர்த்து வைத்தால் நல்ல பலன்.

"நீல லைட்டில் புற ஊதாக் கதிர் வருமே" என்று தயங்க வேண்டாம். இந்தச் சிகிச்சைக்கு அது தேவையே இல்லை. கண்ணைக் கட்டுவார்கள், டயப்பர் மட்டும் விடுவார்கள், மற்ற இடமெல்லாம் ஒளி படட்டும். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ உடனே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். விளக்கை நிறுத்திய பின் பிலிருபின் அளவு திரும்ப ஏறக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லும் நாளில் மறுபரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.