நோன்புக்கு அதிரச மாவு: சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுப் பலகாரச் சேவை

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் வேலூர்ப் பக்கத்து வீடுகளில் பெண்கள் படும் பாட்டில் பெரும்பகுதி அதிரசத்துக்காகவே என்றால் அது மிகையாகாது. கேதார கௌரி நோன்பு எடுக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் முறுக்கும் மிக்சரும் இல்லாமல்கூடப் பண்டிகையை நடத்திவிடலாம். 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 இழைக் கயிறு என்று கணக்குப் பார்த்து வைக்கும் நோன்புத் தட்டில் அதிரசம் இல்லாமல் முடியாது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணி விரித்து உலர்த்தி, ஈரம் முழுவதும் போவதற்குள் மில்லில் கொடுத்து அரைத்து, சலித்து, பாகு காய்ச்சிக் கிளறி, மூடி வைத்து ஊறவிடுவது சில நாள் வேலை. அதோடு இன்னும் நான்கைந்து பலகாரங்களுக்கும் அடுப்பின் முன் உட்கார்ந்தால், எண்ணெய்க் குளியல் முடித்துப் புதுப்புடவை கட்டும் நேரத்தில் உடம்பு படுக்கையைத்தான் தேடுகிறது.

இந்தச் சுமையைக் குறைக்க விரும்புகிறவர்களுக்காகவே, சத்துவாச்சாரியில் தம் வீட்டிலேயே அதிரச மாவு தயாரித்து விற்கும் ஒரு அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். சுட்ட அதிரசமும் அவரிடம் கிடைக்கிறது. ஆனாலும் நான் மனமாரப் பரிந்துரைப்பது மாவைத்தான். அதிரசத்தில் சிரமம் முழுவதும் பாகின் பதத்தில் இருக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டால், அது கரையாமல் விரலில் மெதுவாக உருண்டு வர வேண்டும். அதற்கு முன்பே இறக்கிவிட்டால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், சற்றே தாமதித்தால் கல்லாகிவிடும். அந்த ஒரு கட்டத்தைக் கைப்பழக்கம் உள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, தட்டிச் சுடுகிற வேலையை மட்டும் நம்மிடம் வைத்துக்கொண்டால், வீட்டில் பண்டிகை மணமும் இருக்கிறது, மாமியாரும் மருமகளும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து பேசவும் முடிகிறது, நம் கையால் சுட்டதைச் சாமிக்கு வைக்கிறோம் என்ற நிறைவும் குறைவதில்லை.

நாம் கொண்டுபோகும் எவர்சில்வர் தூக்கிலேயே மாவை அழுத்தி அடைத்து, மேலே நெய் தடவித் தருகிறார். அணைக்கட்டுப் பக்கத்து வெல்லம் என்றார். நிறம் நல்ல கரும்பழுப்பு. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிய பிறகே பாகு காய்ச்சுவதால் மணலோ தும்போ பல்லில் படவில்லை. ஏலக்காயைவிடச் சுக்கு சற்றுத் தூக்கலாக இருந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது. எலுமிச்சை அளவு உருட்டி, நெய் தொட்ட வாழையிலையில் தட்டியபோது விளிம்பு வெடிக்கவில்லை, இலையிலும் ஒட்டவில்லை. மிதமான தீயில் எண்ணெயில் நழுவவிட்டதும் ஒரு நொடி அடியில் தங்கி, பிறகு மேலெழும்பி உப்பியது. எடுத்து இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு இடையில் வைத்து அழுத்தி எண்ணெயை வடித்தபின், ஓரம் மொறுமொறுவென்றும் நடுப்பகுதி மெத்தென்றும், மேலே ஊசிமுனை அளவுத் துளைகளோடும் வந்தது. மறுநாள் சாப்பிட்டபோது இன்னும் சுவை கூடியிருந்தது. ஃபிரிட்ஜில் வைத்த மாவு இறுகிவிடும்; அதை முன்கூட்டியே வெளியில் எடுத்து வைத்து, தேவையானால் ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிசைந்துகொண்டால் போதும்.

முள்ளு முறுக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. மிக்சரில் காரம் அதிகம், கடலையும் சரியாக வறுபடவில்லை, அதை விட்டுவிடலாம். உண்மையில், வீட்டில் சுடும் அதிரசம், இவரிடம் வாங்கும் முறுக்கு என்று நிறுத்திக்கொண்டதில் எங்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. விருந்தினருக்கு இனிப்பு வேண்டுமென்றால் ஆற்காட்டுக்குப் போய்வரும் யாரிடமாவது சொல்லி மக்கன் பேடா வாங்கி வரச் சொல்கிறோம். உள்ளே முந்திரியும் பாதாமும் வைத்துப் பாகில் ஊறிய அந்த இனிப்புக்கு ஈடாக வீட்டில் அவசர அவசரமாகக் கிண்டும் எந்த அல்வாவும் நிற்காது. வெற்றிலை, பாக்கு, நோன்புக் கயிறு வாங்க லாங்கு பஜாருக்கு எப்படியும் போக வேண்டும். மாவு வேலை இல்லாததால், கூட்டம் சேர்வதற்கு முன்பே ஒரு காலைப்பொழுதில் அதை முடித்துவிட முடிகிறது.

குறைகளும் உண்டு. வீட்டுக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு கிடையாது, நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். கடைசி இரண்டு நாட்களில் கிரீன் சர்க்கிளில் வண்டிகள் நகராமல் நிற்கும் வேளையில், காட்பாடியிலிருந்து வருகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. முறுக்குப் பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் இருக்கிறது, ஆனால் எந்தத் தேதி வரை உண்ணலாம் என்பது இல்லை. கடையில் தட்டில் வைத்துச் சில்லறையாக விற்கும் இனிப்புகளுக்கே அந்தத் தேதியைக் காட்ட வேண்டும் என்று 2020 அக்டோபர் முதல் விதி வந்துவிட்ட நிலையில், பொட்டலம் கட்டி விற்கும் இவர் அதை எழுதாமல் விடுவது சரியல்ல. சொன்னபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த பண்டிகைக்குள் சரிசெய்வார் என்று நம்புகிறேன். மாவின் விலை கிலோ 320 ரூபாய். அரிசியும் வெல்லமும் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அதிகம்தான், ஆனால் உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால் நியாயமான விலை.

நோன்புக்கான மாவைக் காலையில் குளித்துவிட்டு, மற்றப் பலகாரங்களைத் தொடுவதற்கு முன் தனிப் பாத்திரத்தில் கிளறுகிறார். ஆகவே வாங்குவது நோன்புக்கா, வெறுமனே சாப்பிடுவதற்கா என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அமாவாசை சில ஆண்டுகளில் தீபாவளியன்றே வருகிறது, சில ஆண்டுகளில் மறுநாள் வருகிறது. உங்கள் வீட்டில் எந்த நாளில் நோன்பு என்பதையும் சேர்த்துச் சொன்னால், மாவு ஊறுவதற்கு அவகாசம் விட்டு, எந்தத் தேதியில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவரே குறித்துத் தருகிறார். ஆயுத பூஜை முடிந்த கையோடு பெயர் கொடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் தீபாவளி நெருங்கிய பிறகு அவர் புது ஆர்டர் எடுப்பதில்லை.