க்னாபென்ஷீசன்: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம். க்னாபென்ஷீசன் என்பது சூரிச்சில் வருடாவருடம் நடக்கும் பிள்ளைகளின் துவக்குச் சுடும் போட்டி விழா. சுடுவதில் கெட்டிக்காரியாக வர வேண்டும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான், அதற்கு வேறு இடம் இருக்கிறது, கீழே சொல்கிறேன். துவக்குக்குப் பக்கத்தில் எப்படி நிற்பது, எப்போது தொடக்கூடாது, யார் சொன்னால் நிறுத்துவது என்பதையெல்லாம் ஒரு பிள்ளை ஒரே பின்னேரத்தில் பழகுவதற்கு, சூரிச்சில் நான் பார்த்ததில் இதுதான் நல்ல இடம்.

புதிதாக வந்தவர்களுக்காக: செப்டெம்பர் மாதம் இரண்டாவது வார இறுதி, சனி தொடங்கித் திங்கள் வரை. 13ஆம் இலக்க ட்ராமில் ஏறி அல்பிஸ்கூட்லியில் இறங்கினால் ஊட்லிபெர்க் மலையடிவாரம், அங்கேதான் சுடுதிடல். சூரிச் நகரச் சுடுவோர் சங்கம் நடத்துகிறது. வேர் 17ஆம் நூற்றாண்டு வரை போகிறது. பெயரில் பெடியன்கள் மட்டும்தான் (க்னாபென் என்றால் பெடியன்கள்), ஆனால் 1991 முதல் பெண் பிள்ளைகளும் சுடுகிறார்கள். வயது 13 முதல் 17 வரை. இராணுவத்தின் ஸ்டூர்ம்கெவேர் 90 என்ற துவக்கு, தூரம் 300 மீற்றர், ஐந்து வெடி, மொத்தம் 35 புள்ளி. எல்லாரையும் விடக் கூடுதலாக எடுப்பவர் அந்த வருட ராசா அல்லது ராணி. முன்னனுபவம் எதுவும் கேட்பதில்லை.

இந்தக் கடைசி வசனம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வளர்ந்தவள். எனக்குத் துவக்கு என்றால் சென்றிக் காவலில் நிற்கிறவனின் தோளில் தொங்குவது, அதன் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவது. பதினாலு வயது மகள் வகுப்புத் தோழிகளோடு பெயர் கொடுக்கப் போகிறேன் என்றபோது, ‘ஒரு கதையும் இல்லை’ என்றுதான் சொன்னேன். ‘அம்மா, நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ, பிறகு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ’ என்றாள். சரி, போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று போனதில் எழுதுவதுதான் இது.

சுடும் கொட்டகைக்குள் நடக்கும் ஒழுங்கைத்தான் நான் முதலில் மெச்சுவேன். காதுக்குப் பாமிர் என்ற சத்தத் தடுப்பு போடாமல் உள்ளே ஒருவரும் இல்லை. துவக்கு பிள்ளையிடம் வருவதில்லை, பிள்ளைதான் துவக்கிடம் போகிறது. அது தன் இரண்டு காலில் நின்றபடி இலக்கை நோக்கியே கிடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு திரும்புவது, தோழிக்குக் காட்டுவது, படத்துக்கு நிற்பது எதற்கும் இடமில்லை. பிள்ளை குப்புறப் படுக்கிறது, பக்கத்தில் ஒரு பெரியவர். மகளுக்கு வாய்த்தவர் எங்கள் அப்பாவின் வயதிருக்கும், வெள்ளை மீசை. முதல் வேலையாக, பக்கவாட்டில் இருக்கும் நெம்பு ‘எஸ்’ எழுத்தில் நிற்பதைக் காட்டினார், அது பூட்டிய நிலை. பிறகு கன்னத்தை எங்கே வைப்பது, பின்பக்கத் துளை வழியாக முன்பக்கக் குறியையும் இலக்கின் கறுப்பு வட்டத்தையும் எப்படி ஒரே நேரில் கொண்டுவருவது என்று மெதுவாகச் சொன்னார். விரலை விசையில் வைக்க அவள் அவசரப்பட்டபோது அவர் கத்தவில்லை. தன் சுட்டுவிரலை நேராக நீட்டிக் காட்டினார், அவ்வளவுதான். அவள் அப்படியே செய்தாள். வீட்டில் நான் பத்துத் தரம் சொன்னாலும் கேட்காதவள்.

வெடித்து முடிந்ததும் எழும்ப முடியாது. அவர் உள்ளே பார்த்து, ரவை இல்லை என்று உறுதிசெய்து, பூட்டி, தலையாட்டிய பிறகுதான் எழும்பலாம். பெற்றோர் பின்னால் நிற்க வேண்டியதுதான், வாய் திறக்கத் தேவையில்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு தகப்பன் பின்னாலிருந்து மகனுக்குப் புத்தி சொல்லத் தொடங்கினார், பையனுக்கு எந்தக் குரலைக் கேட்பதென்று தெரியவில்லை. ஒரே நேரத்தில் ஒரு குரல் மட்டும் கட்டளையிட வேண்டும் என்பதன் அருமை அப்போதுதான் விளங்கியது.

இனிக் குறை. முதன்முதலாக ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும் துவக்கு இதுவாக இருக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். நாலு கிலோவுக்கு மேல் நிறை. வளர்ந்த சிப்பாயின் கைநீளத்துக்குச் செய்தது, சின்ன உடம்புக்காரப் பிள்ளைகள் கழுத்தை நீட்டித்தான் கண்ணை வைக்கிறார்கள். வெற்று ரவைக் கோது வலப்பக்கம் தெறிக்கும், சுடச்சுட இருக்கும், அதனால் நீளக் கைச் சட்டை போட்டு அனுப்புங்கள், கழுத்துப் பக்கம் திறந்த சட்டை வேண்டாம். சத்தம் பாமிருக்குள்ளும் நெஞ்சில் இடிக்கும். வெடிச் சத்தத்தில் வெருளும் பெரியவர்கள் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். வெளியே பெரிய களியாட்டச் சந்தை, ராட்டினம், தொத்திறைச்சி. பிள்ளையின் மனம் பாதி அங்கேதான் கிடக்கும், ஆகவே முதலில் சுட்டு முடியுங்கள், ராட்டினம் பிறகு.

எங்கள் ஆட்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. சுவிஸ் ஆயுதச் சட்டத்தின் கீழ் சில நாட்டுக் குடிமக்களுக்கு ஆயுதம் வாங்கவும் வைத்திருக்கவும் தடை இருக்கிறது, அந்தப் பட்டியலில் இலங்கையும் உண்டு. விதிவிலக்குக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். மகளிடம் சுவிஸ் பாஸ்போட் இருந்ததால் எங்களுக்குச் சிக்கல் இல்லை. உங்கள் பிள்ளையிடம் இலங்கைப் பாஸ்போட் மட்டும்தான் என்றால், பெயர் கொடுக்க முதலே விசாரித்துவிடுங்கள். வரிசையில் நிற்கும்போது தெரியவந்தால் பிள்ளைக்குத்தான் அவமானம்.

மகள் எடுத்தது 23 புள்ளி. அவள் சுடும்போது பின்னால் நான் நிற்கும் படத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினேன். அம்மா உடனே அழைத்து, ‘என்னடி, பிள்ளையின்ர கையில துவக்கைக் குடுத்திட்டுச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாய்?’ என்று கேட்டார். நான் சிரித்தேனா என்று படத்தைத் திரும்பப் பார்த்தேன். சிரித்துத்தான் இருக்கிறேன்.

பிள்ளைக்கு இதில் உண்மையாகவே விருப்பம் வந்தால் அடுத்த படி இந்த விழா இல்லை. உங்கள் ஊர்ச் சங்கத்தில் காற்றழுத்தத் துவக்குப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். 10 மீற்றர் தூரம், 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு, உதைப்பு இல்லை என்றே சொல்லலாம், சத்தமும் குறைவு. நின்று சுடுவதால் மூச்சும் பொறுமையும் பழகும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் ஒன்றும் சாப்பிட விடாதீர்கள், இதை அங்கே சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீற்றர் துவக்குச் சுடும் போட்டியில் தங்கம் எடுத்த கியாரா லியோனேயின் படம் இப்போது என் மகளின் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. பதினைந்து வயதிலிருந்து இருபது வரை இளம் சுடுவோருக்கான வகுப்பும் உண்டு, துவக்கை அவர்களே இரவல் தருவார்கள். அதற்கு மகள் இன்னும் ஒரு வருடம் பொறுக்க வேண்டும்.

நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு. திங்கட்கிழமை நகரத்தில் பாதிப் பேருக்கு அரை நாள் லீவு, ட்ராமில் கால் வைக்க இடமில்லை. சனிக்கிழமை காலையே போய்விடுங்கள். தண்ணீர்ப் போத்தலும் புளிச்சாதமும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், அங்கே விற்கும் விலைக்கு வயிறு நிறையாது.