தரையில் சொட்டாத கூலன்ட்: என்ஜின் வேலை முடிந்து 14 மாதம்

என்ஜினைப் பிரித்து முழு வேலை பார்த்து 14 மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு லாரி 82,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. நாமக்கல்லில் லோடு ஏற்றினால் புனே. திரும்பும்போது வெங்காயமோ இரும்போ, கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வருவது. இந்த 82,000-இல் முதல் 6,000 கிலோமீட்டர்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. மீதிக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்ல மாட்டேன்; சொல்கிற மாதிரி பெரிய குறை இல்லை.

வண்டி ஆறு சக்கரம், ஆறு சிலிண்டர், வெட் லைனர் என்ஜின். அதாவது பிஸ்டன் ஓடும் குழலான லைனரின் வெளிப்பக்கத்தில் நேராகத் தண்ணீர் படும். 6.4 லட்சம் கிலோமீட்டரில் பிரித்தோம். ஆயில் குடித்தது, புகை தள்ளியது, தொப்பூர் மேட்டில் ஏறும்போது பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்தான். பழைய லைனர்களைக் கழற்றிப் பார்த்தபோது வெளிப்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. பிஸ்டன் அடிக்கிற அதிர்வில் லைனர் நடுங்கும். ஒட்டியிருக்கும் தண்ணீரில் நுண்ணிய குமிழ்கள் உண்டாகி உடையும். உடையும்போது ஒவ்வொன்றும் உலோகத்தைக் கொஞ்சம் கொறிக்கும். என்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்டில் இருக்கும் மருந்து அதைத் தடுக்கிறது. நாங்கள் பத்து வருஷமாக ஊற்றியது போர் தண்ணீர். உப்பு வேறு பிளாக் உள்ளே ஓடு கட்டியிருந்தது.

ஆறு லைனர் பிஸ்டன் கிட், பியரிங் செட், வாட்டர் பாடி (தண்ணீர் பம்ப்), ஹெட் பேக்கிங் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் தகடு), என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட், புது ரேடியேட்டர் மூடி எல்லாம் போட்டோம். தெர்மோஸ்டாட்டே வேண்டாம், நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு என்று பட்டறையில் சொன்னார்கள். நான் விடவில்லை. அது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடும், டீசலும் தின்னும், லைனரும் தேயும். லேத், கூலி, சாமான் சேர்த்து 1.85 லட்சம் ஆனது. கடைசியாக 22 லிட்டர் பச்சைக் கூலன்ட், பேட்டரி வாட்டரோடு பாதிக்குப் பாதி.

முதல் வாரம் நடந்ததைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கூலன்ட் மட்டம் இரண்டு நாள் இறங்கியது. பிளாக்கில் சிக்கிய காற்று வெளியேறும்போது அப்படித்தான் இறங்கும். பாட்டம் ஹோஸ் கிளாம்பில் ஒரு கசிவு. புது ரப்பர் சூடாகி ஆறியதும் அமுங்கிவிடும், திரும்ப ஒரு சுற்று முடுக்க வேண்டும். முடுக்கினோம், நின்றது.

அதற்கப்புறம்தான் விஷயமே. தினமும் காலையில் ஒன்றரை லிட்டர் குறைந்தது. வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தால் காலையில் ஒரு சொட்டு இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. ஆயில் குச்சியில் பால் டீ நிறம் இல்லை. டிரைவர் அண்ணன் வழியெல்லாம் கேனை வைத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டே போனார். ஹூப்ளி தாண்டி ஒரு தாபாவில் நின்று போன் போட்டார்: “ஏங்க, இது டீசலைவிடத் தண்ணி அதிகமாக் குடிக்குதுங்க.”

ரேடியேட்டரைத் திறந்து வைத்து ஓட்டினால் குமிழி வந்தது. பட்டறையில் உடனே தீர்ப்பு: ஹெட் பேக்கிங் போச்சு. நானும் நம்பினேன். இங்கேதான் நான் செய்த தப்பு. எதையும் சோதிக்காமல் ஹெட்டை இறக்கச் சொன்னேன். இரண்டு நாள், 9,000 ரூபாய். இறக்கிய பேக்கிங்கில் எரிந்த தடம் எங்கேயும் இல்லை. புதுசு மாதிரி இருந்தது. இருந்தாலும் வேறொன்று போட்டு ஹெட்டை ஏற்றினோம். மறுநாள் காலையில் அதே ஒன்றரை லிட்டர்.

அடுத்த பயம் லைனருக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங். அது முறுக்கிக்கொண்டிருந்தால் கூலன்ட் நேராக, என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குப் போகும். கூலன்ட் கலந்த ஆயில் பியரிங்கை விட்டுவைக்காது. ஆனால் சம்ப்பை மூடுவதற்கு முன் பிளாக்கில் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி வைத்துக் கீழே இருந்து டார்ச் அடித்துப் பார்த்திருந்தோம், ஈரம் இல்லை. அந்த ஒரு வேலையைச் செய்ததற்கு மேஸ்திரிக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. வண்டி ராத்திரி முழுக்க நின்றபின், ஸ்டார்ட் செய்யாமல், சம்ப் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தி முதலில் வரும் அரை டம்ளரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தேன். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், இருந்தால் அடியில்தான் நிற்கும். வந்தது வெறும் ஆயில்.

சரி, இனி அடுத்தவர் தீர்ப்பைக் கேட்பதில்லை என்று 3,200 ரூபாய்க்கு ஒரு பிரஷர் டெஸ்டரும், புகைவாயு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நீல நிறத் திரவமும் வாங்கினேன். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் டெஸ்டரை மாட்டி, கைப்பம்பால் மூடியின் அளவான 0.7 கிலோ அழுத்தம் ஏற்றி விட்டோம். காலையில் முள் 0.4-இல் நின்றது. வெளியே எங்கும் ஈரம் இல்லை. ஆக, கசிவு உண்மை, அது உள்ளேதான் போகிறது. நீலத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்து அந்தக் குமிழியை இழுத்துப் பார்த்தேன். சிலிண்டர் வாயு என்றால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாற வேண்டும். டீசல் என்ஜினில் ஐட்லிங்கில் அந்த வாயு குறைவு என்பதால் ஆக்சிலரேட்டரை ஏற்றியும் பார்த்தேன். நீலம் நீலமாகவே இருந்தது.

குமிழி வருகிறது, ஆனால் அது சிலிண்டரில் இருந்து வரவில்லை. அப்போது எனக்கு ஒன்றும் ஓடவில்லை, சும்மா ரேடியேட்டர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். டிரைவர் அண்ணன் கேபினில் உட்கார்ந்திருந்தார். பிரேக்குக்கான ஏர் டேங்கில் கம்ப்ரசர் காற்றை ஏற்றிக்கொண்டிருந்தது. குமிழி பொறுபொறுவென்று வந்துகொண்டே இருந்தது. ஏர் நிறைந்து, மிஞ்சிய காற்றை வெளியே விடும் அன்லோடர் ‘புஸ்ஸ்’ என்று விட்டது. அந்த நொடியே ரேடியேட்டர் அமைதியாகிவிட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. “அண்ணா, பிரேக்கை நாலஞ்சு தடவை மிதிங்க” என்றேன். மிதித்தார். மீட்டர் முள் இறங்கியது, கம்ப்ரசர் மறுபடியும் ஏர் ஏற்ற ஆரம்பித்தது, குமிழியும் திரும்ப வந்தது. மூன்று தடவை செய்து பார்த்தோம், மூன்று தடவையும் அப்படியே.

லாரி ஏர் கம்ப்ரசரின் ஹெட்டும் என்ஜின் கூலன்டில்தான் குளிர்கிறது. வண்டி வைத்திருக்கிற பாதிப் பேருக்கு இது நினைவில் இருக்காது, எனக்கும் இல்லை. அந்தச் சின்ன ஹெட்டின் பேக்கிங் விட்டால், ஏர் ஏற்றும்போது காற்று தண்ணீருக்குள் போகும். கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும்போதும், என்ஜினை நிறுத்திய பிறகு ரேடியேட்டரில் மிச்சம் இருக்கும் அழுத்தத்திலும் கூலன்ட் கம்ப்ரசருக்குள் போகும். அங்கிருந்து ஏர் டேங்க். டேங்கின் அடியில் தண்ணீரை வடிக்கும் டிரெயின் வால்வை இழுத்தேன். “அதுல எப்பவும் தண்ணி வரும்ங்க” என்றார் டிரைவர் அண்ணன். வரும்தான். ஆனால் இந்தத் தண்ணீர் உள்ளங்கையில் வழவழவென்று பச்சையாக இருந்தது. பழையபடி போர் தண்ணீரே ஊற்றியிருந்தால், காற்றின் ஈரம் என்று நானும் சொல்லியிருப்பேன். கூலன்டுக்குக் கொடுத்த காசில் பாதி அந்தப் பச்சை நிறத்துக்கே தகும்.

உறுதி செய்யக் கம்ப்ரசருக்குப் போகும் இரண்டு தண்ணீர் ஹோஸையும் கழற்றி ஒரு குழாய்த் துண்டால் இணைத்தோம். ஏர் வெளியேறும் பைப்பையும் கழற்றிவிட்டு, நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் ஓட விட்டோம். ஒரு குமிழி இல்லை. கம்ப்ரசரைப் பிரித்தால் பேக்கிங்கில் தண்ணீர்த் துளைக்கும் சிலிண்டருக்கும் நடுவே கறுத்த ஒரு கோடு, ஹெட் முகமும் வளைந்திருந்தது. லேத்தில் முகம் எடுத்து, புது கிட் போட்டு, மூன்று ஏர் டேங்கையும் கழுவி, மொத்தம் 4,200 ரூபாய்.

பழைய என்ஜினில் இது ஏன் தெரியவில்லை என்பதை யோசித்தால் எரிச்சல்தான் வரும். பழைய ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங் செத்திருந்தது, அழுத்தமே நிற்காது. கசிய வைக்கும் விசை இல்லை. கம்ப்ரசர் ஹெட்டிலும் உப்பு அடைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் உப்பைக் கரைத்து எடுத்து, 0.7 கிலோ பிடிக்கும் மூடியையும் போட்டோம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 115 டிகிரி வரை கொதிக்காது, கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே. மூடி தன் வேலையைச் செய்தது. ‘நல்லாத்தானே இருக்கு’ என்று நாங்கள் பிரிக்காமல் திரும்ப மாட்டிய கம்ப்ரசர்தான் அதைத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகான கணக்கு இது. 76,000 கிலோமீட்டரில் நான் சேர்த்த கூலன்ட் மொத்தம் மூன்றரை லிட்டர், அதில் இரண்டரை ஒரே நாளில் போனது. வேலை முடிந்து 51,000-இல் வாட்டர் பாடியின் அடித்துளையில் சொட்டியது. உள்ளே சீல் தேய்ந்தால் சொட்டிக் காட்டத்தான் அந்தத் துளை. வழியில் பார்த்த ஒரு மெக்கானிக் அதில் மரச்சக்கை அடித்துக் “கசிவு நின்னுடுச்சு” என்று அனுப்பிவிட்டார். வெளியே போக வழியில்லாத தண்ணீர் பியரிங்குக்குப் போனது. சீலோடு முடிய வேண்டியது முழு பாடி மாற்றுவதில் முடிந்தது.

டெஸ்டர் போட்ட காசைப் பலமுறை திருப்பித் தந்துவிட்டது. பக்கத்து லைன் வண்டிக்காரர்கள் இரவல் வாங்கிக்கொண்டு போகிறார்கள், ஒருவர் அடாப்டரைத் தொலைத்துவிட்டார். நீலத் திரவத்தை அதற்கப்புறம் தொடவில்லை. டாப் ஹோஸை சிலிகானாக மாற்றியது வீண் செலவு என்று இப்போது தோன்றுகிறது. சாதா ரப்பரே நன்றாகத்தான் இருந்தது. கிளாம்பில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது, திருகுப் பட்டை வெட்டுகிறது, போல்ட் வைத்தது நிற்கிறது. கூலன்ட் நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, கலங்கவில்லை. தொப்பூர் ஏறும்போது சூட்டு முள் நடுவைத் தாண்டுவதில்லை.

டிரைவர் அண்ணன் இப்போது கேன் வைப்பதில்லை. ஆனால் காலையில் வண்டி எடுக்கும் முன் ஏர் டேங்க் டிரெயினை இழுத்து, வருவதைக் கையில் பிடித்து நிறம் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார். பாட்டம் ஹோஸ் ஒரு பக்கம் லேசாக உப்பியிருக்கிறது. ஆயுத பூஜைக்கு வண்டி நிற்கும்போது மாற்ற வேண்டும்.