சிறு அந்துப்பூச்சிகளுக்கு வெள்ளைத் துணியா, வாளிப் பொறியா?

ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டு முற்றத்தில், இரவில் விளக்கை நாடி வரும் அந்துப்பூச்சிகளைப் பார்த்துப் பெயர் கண்டறிவதை இரண்டு மழைக்காலங்களாகச் செய்து வருகிறேன். முதல் பருவம் முழுவதும் வாளிப் பொறி வைத்தேன். அடுத்த பருவத்தில் கொடிக்கயிற்றில் வெள்ளை வேட்டியைக் கட்டி அதன் முன் விளக்கை ஏற்றினேன். ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத சிறு அந்துகளை அறிய விரும்புவோருக்குத் துணியே ஏற்றது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

விளக்கு இரண்டு முறைக்கும் ஒன்றுதான். பாதரச ஆவி விளக்கு ஏராளமான பூச்சிகளை இழுக்கும் என்றாலும், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் ஊருக்கு அது ஒத்துவராது. சூடேறிய கண்ணாடியில் மழைத்துளி பட்டால் விரிசல் விடும், மின்சாரம் போய் வந்தால் ஆறும் வரை மறுபடி எரியாது. பவர் பேங்கில் எரியும் புற ஊதா எல்இடி விளக்கு போதும். அதை நேராகப் பார்க்காமல் இருந்தால் சரி. துணிக்கும் வாளிக்கும் செலவும் பெரிதாக வேறுபடாது. அமாவாசையை ஒட்டிய இரவுகளில் இரண்டிலும் வரத்து கூடும்.

வாளிப் பொறியின் வசதியை மறுக்க முடியாது. வாளியின் வாயில் புனலைப் பொருத்தி, உள்ளே முட்டை அட்டைகளை அடுக்கி, மேலே விளக்கை வைத்துவிட்டு நாம் தூங்கப் போகலாம். விடிந்ததும் பூச்சிகள் அட்டைக் குழிகளில் ஒடுங்கியிருக்கும். எண்ணிக் குறித்துக்கொண்டு செடிகளுக்கிடையே விட்டுவிடலாம். ஓர் இரவின் எண்ணிக்கையை இன்னோர் இரவோடு ஒப்பிட நினைப்பவர்கள் வாளியையே நாட வேண்டும்.

ஆனால் சிறு அந்துகளின் பெயர் அவற்றின் செதில்களில் இருக்கிறது. முன்னிறகின் கோடுகள், ஓரத்துக் குஞ்சம், தலையின் முன்னே நீளும் உணர்நீட்சிகள் ஆகிய மூன்றும் சிதையாமல் இருந்தால்தான் குடும்பத்தையாவது சொல்ல முடியும். முதல் மழைக்குப் பின் வண்டுகள் திரளாக வருகின்றன. அவற்றோடு ஒரு பெரிய ஹாக் அந்தும் புனலுக்குள் விழுந்துவிட்டால் இரவெல்லாம் உள்ளே அடித்துக்கொள்ளும். அப்படி ஒரு காலையில் வாளியைத் திறந்தபோது, முட்டை அட்டை முழுவதும் காபித்தூள் தூவியது போலப் பழுப்புப் பொடி படிந்திருந்தது. அதன் நடுவே அரிசி நீளமே இருந்த ஓர் அந்து, இறகுகள் கண்ணாடித்தாள் போல வெளுத்து உயிரோடு உட்கார்ந்திருந்தது. அதை இன்றுவரை என்னால் எந்தக் குடும்பத்திலும் சேர்க்க முடியவில்லை.

துணியிலோ சிறு அந்து வந்து அமர்ந்த கணத்திலேயே, இறகு கலையாமல், தனக்கு இயல்பான நிலையில் கிடைக்கிறது. அந்த நிலையே பாதி அடையாளம். இறகுகளை இருபுறமும் குச்சிபோல நீட்டி ஆங்கில 'டி' எழுத்தாக நின்றால் டெரோஃபோரிடே குடும்பம். கூரைபோல மடித்து மணி வடிவில் அமர்ந்தால் பெரும்பாலும் டார்ட்ரிசிடே. கத்தரிக்காய்த் துளைப்பானின் தாய் அந்து, வெள்ளை இறகில் பழுப்புத் திட்டுகளோடு, வயிற்று நுனியை மேலே வளைத்து உட்காரும்; ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. மேலிருந்து ஒரு படம், உணர்நீட்சி தெரியப் பக்கவாட்டில் ஒரு படம், அருகே அளவுகோல் என்று எடுத்துவிட்டால் போதும். படபடக்கும் பூச்சியைச் சிறு டப்பாவில் பிடித்துக் குளிர்பெட்டியில் பத்து நிமிடம் வைத்தால் அடங்கும்.

துணிக்கு விழிப்பு வேண்டும். இரவு பதினொரு மணி வரையாவது பக்கத்தில் இருக்க வேண்டும். பல்லிகளும் விடமாட்டா. சுவரோடு ஒட்டிக் கட்டியபோது நான் படம் எடுக்கும் முன்பே நல்ல பூச்சிகள் போய்விட்டன. சுவரிலிருந்து நான்கடி தள்ளிக் கட்டிய பின் அந்தத் தொல்லை குறைந்தது.

சேலம் நகருக்குள் தங்கை வீட்டு மாடியில் நான்கு இரவுகள் மட்டுமே துணி கட்டியிருக்கிறேன். தெருவிளக்கின் வெளிச்சத்தில் வரத்து குறைவாக இருந்தது. ஆனால் நான்கு இரவுகளை வைத்துச் சமவெளிக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எந்த முறையில் பிடித்தாலும், கெலிகிடே போன்ற குடும்பங்களில் பல இனங்களை உடலுறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். அத்தகையவற்றை என் ஏட்டில் குடும்பப் பெயரோடு நிறுத்தி, தேதியும் படமும் சேர்த்து வைக்கிறேன்.