வீடியோவுக்குள் வீடியோ வைத்துத் தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்தோம். தோகாவில் வேலை பார்க்கும் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. லேப்டாப்பில் வீடியோ கால் போட்டு முழுதும் பார்த்தவன், பார்த்துக்கொண்டிருந்த தன்னையே போனில் பதிவும் செய்திருந்தான். தாலி கட்டும் நேரத்தில் அவன் அழுதது அதில் இருக்கிறது. கல்யாண வீடியோவின் மூலையில் சின்னக் கட்டமாக அவனையும் வைத்துவிட்டால் அவனும் பக்கத்தில் நின்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான் நான் கேட்டது.

ஆன்லைனில் விளம்பரம் பார்த்து ஒருவரிடம் கொடுத்தேன். 4,500 ரூபாய், அதில் முன்பணம் 3,000. பத்து நாள் என்றவர் ஒரு மாதம் இழுத்தடித்து அனுப்பியதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. படத்துக்குக் குறுக்கே பெரிதாக ஏதோ ஒரு சாஃப்ட்வேரின் பெயர். போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த படத்தை அகலமான கட்டத்துக்குள் இழுத்துத் திணித்ததில் தம்பி முகமே உப்பிக் கிடந்தது. கட்டத்தை ஓரிடத்தில் வைத்ததோடு சரி, அப்புறம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதனால் தாலி கட்டும் நேரத்தில் அம்மாவின் முகம் அதற்குப் பின்னால் மறைந்துபோனது. தம்பியின் பதிவிலும் மண்டபச் சத்தம் இருக்கிறதல்லவா, அதையும் மியூட் செய்யாமல் விட்டிருந்ததால் நாதஸ்வரம் இரண்டிரண்டாகக் கேட்டது. போகப் போக தம்பி பின்தங்கிக்கொண்டே வந்து, எல்லாரும் அட்சதை போட்டு முடித்த பிறகு கண்ணைத் துடைக்கிறான்.

கேட்டதற்கு, "அந்தப் பேரு போகணும்னா லைசென்ஸ் வாங்கணும் அக்கா, இன்னும் 6,000 ஆகும், அது உங்க செலவு" என்றார். பணம் பிடுங்கும் இடம் இதுதான். காசு கட்டாத சோதனைப் பதிப்பில் வேலை செய்ததால் விழுந்த எழுத்து அது. வேலைக்கான கருவியை அவரல்லவா வைத்திருக்க வேண்டும்? அதுவும் ஷாட்கட், கெடென்லைவ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர்கள் இரண்டும் முழுக்க இலவசம், எந்தப் பெயரும் விழாது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலும் அப்படித்தான், காசு கட்டுபவர்களுக்கான எஃபெக்டைப் போட்டால் மட்டும் எழுத்து வரும்.

கடைசியில் ஷாட்கட்டில் நானே உட்கார்ந்து செய்தேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. வீடியோக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வரிசைகளுக்கு டிராக் என்று பெயர். கீழ் டிராக்கில் கல்யாணம், மேல் டிராக்கில் தம்பி, மேலே உள்ளதைச் சிறிதாக்கி மூலைக்கு நகர்த்த வேண்டும். கீஃபிரேம், அதாவது எந்த நொடியில் கட்டம் எங்கே இருக்க வேண்டும் என்ற குறி, வைத்தால் அம்மா அந்தப் பக்கம் வரும்போது கட்டம் இந்தப் பக்கம் வந்துவிடும். போகப் போகச் சத்தமும் படமும் விலகுவதற்குக் காரணம், பல போன்கள் நொடிக்கு 30 பிரேம் (தனித்தனிப் படம்) என்று சொன்னாலும் வெளிச்சத்துக்கு ஏற்ப அதைக் கூட்டிக் குறைத்து எடுப்பது. அந்த வீடியோவை முதலில் நிலையான பிரேம் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும், ஷாட்கட் அதைத் தானே கண்டுபிடித்து மாற்றவா என்று கேட்கிறது. இதைத் தொழிலாகச் செய்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும், பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

யாரிடம் கொடுத்தாலும் முன்பணத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் செய்துகாட்டச் சொல்லுங்கள், ஆரம்பத்தில் இருந்து அல்ல, வீடியோவின் கடைசிப் பகுதியில் இருந்து. சத்தம் விலகுகிறதா என்பது அங்கேதான் தெரியும். அசல் ஃபைலின் ஒரு நகல் உங்களிடமே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், வீடியோவாகப் போனால் தரம் குறைந்துவிடும்.

என் 3,000 திரும்பி வரவில்லை. மீதி 1,500 கேட்டு அவர் இன்னும் மெசேஜ் போடுகிறார், நான் கொடுக்கப்போவதில்லை.