கம்பெனி விக்கி: மூன்று வருஷம் ஆகியும் தேடல் பெட்டியோடு சண்டை

'எங்கள் ஆபீஸிலும் கம்பெனி விக்கி போடப் போகிறார்கள், எப்படி இருக்கும்?' என்று நண்பர் கேட்டார். எங்கள் ஆபீஸில் இருப்பது இதுதான்: ஊழியர்களே பக்கங்களை எழுதித் திருத்தும் விக்கி, ஆவணக் கிடங்கு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு தேடல் பெட்டி. வசதிகளில் குறையில்லை, எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். தேடினால் காலாவதியான பக்கம்தான் முதலில் வந்து நிற்கிறது.

'பேக்கப் செய்முறை' என்று தட்டினால் செய்முறை, செய்முறை_புதியது, செய்முறை_ஃபைனல், ஃபைனல்_2 என்று நான்கு வரும். திருத்திய தேதியைப் பார்க்கலாம் என்றால், நான்கிலும் ஒரே தேதி. பழைய தளத்திலிருந்து மொத்தமாக மாற்றும்போது மூலத் தேதியையும் எழுதியவர் பெயரையும் விட்டுவிட்டால் இப்படித்தான். எல்லாவற்றையும் அட்மினே ஒரே நாளில் எழுதியதுபோல் காட்டும். முதலில் 50 பக்கத்தை மட்டும் மாற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

நகல்கள் பெருகுவதற்கு ஊழியர்களைத் திட்டிப் பயனில்லை. அனுமதி இல்லாத பக்கத்தைத் தேடல் காட்டாது, அப்படி ஒன்று இருக்கிறது என்றுகூடச் சொல்லாது. சரியான செய்முறை ஒரு குழுவின் பூட்டிய பகுதியில் கிடக்கும். பக்கத்துக் குழுக்காரர் தேடுவார், கிடைக்காது, தானே ஒன்று எழுதிவிடுவார். பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, அதுதான் இன்னும் கடுப்பு. செய்முறைகள் எல்லோருக்கும் திறந்தே இருக்கட்டும், பூட்டுகிறவர் காரணம் எழுதட்டும் என்று விதியைத் திருப்பிப் போட வேண்டும். சம்பளம், வாடிக்கையாளர் விவரம் போன்றவை வேறு கணக்கு.

பக்கத்தின் பொறுப்பாளராக ஆள் பெயரைப் போடாதீர்கள். அவர் வேலையை விட்டதும் பக்கம் அனாதை. பதவியின் பெயரைப் போடுங்கள். மறுபார்வைக் கெடு 6 மாதம் தாண்டினால் பக்கம் தேடலில் தானாகக் கீழே இறங்க வேண்டும். இங்கே நினைவூட்டல் மெயில் மட்டும் போகிறது. அதை யார் திறக்கிறார்கள்?

ஒன்றை மட்டும் மனதாரப் பாராட்டுவேன்: எதுவும் கிடைக்காத தேடல்களின் பட்டியல். ஆட்கள் 'லீவு' என்று தேடுகிறார்கள், பக்கத்தின் தலைப்போ 'விடுப்புக் கொள்கை'. இணைச்சொல்லாக 'லீவு' சேர்க்க ஐந்து நிமிடம் போதும். எந்தப் பக்கம் எழுதப்படவே இல்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை இதைப் பார்க்க ஓர் ஆளை நியமித்தாலே போட்ட காசுக்குப் பழுதில்லை.

போடச் சொல்லுங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. ஃபைனல்_2 கண்ணில் படாத நாளில் கேட்டிருந்தால் நான்கு போட்டிருப்பேன்.