பழைய டீசல் பம்ப்பை சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

பெங்களூருவில் பழைய மிலிட்டரி வண்டியைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிற யாருக்கும் நான் பட்டது நடக்கக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அப்பா கிரெஃப்பில், அதாவது எல்லைச் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் படையில், டிரைவராக இருந்தவர். மணாலி–லே சாலையில், 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கிற ரோஹ்தாங் கணவாயில், முன்னால் இரும்புத் தகடு மாட்டிய சக்திமான் லாரியில் பனி தள்ளியவர். காலையில் ஆயில் இறுகிக் கிடக்கும், அடியில் தீ மூட்டிச் சூடு காட்டித்தான் ஸ்டார்ட் செய்வார்களாம். அவருக்காகத்தான் மூன்று வருடம் முன்பு, ஏலத்தில் எடுத்து வைத்திருந்த ஒருவரிடம் ஒரு சக்திமானை வாங்கினேன். ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் 1959-இலிருந்து ஜபல்பூரில் செய்த வண்டி. 1990-களில் உற்பத்தி நின்றுவிட்டது. கடையில் போய்ப் புது பார்ட்ஸ் கேட்க முடியாது, வண்டியோடு வந்ததைக் காப்பாற்றிக்கொள்வதுதான் ஒரே வழி. அது அந்தக் கடைக்காரருக்கும் நன்றாகத் தெரியும்.

வண்டியில் இருந்த டீசல் பம்ப், அதாவது இன்ஜினுக்கு டீசலை அளந்து அழுத்தி அனுப்புவது, மைக்கோ கம்பெனியுடையது, இதே ஊரில் செய்தது. ஆறு சிலிண்டருக்கு ஆறு எலிமெண்ட்; ஒரு எலிமெண்ட் என்பது டீசலைத் தள்ளும் பிளஞ்சர் தண்டும் அது ஓடும் பேரல் குழாயும் சேர்ந்த ஜோடி. வெளியே அழுக்கே தவிர உள்ளே நல்ல நிலைமை. பல வருடம் நின்ற வண்டி என்பதால் ஒருமுறை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, டீசல் அளவு சரியா என்று கேலிபரேஷன் பார்த்துவிடலாம் என்று சிவாஜிநகர் பக்கம் ஒரு பம்ப் கடைக்குக் கொண்டுபோனேன். "நான் ஆம்பூர்ண்ணா, நம்ம ஆளு, கவலைய விடுங்க" என்றார். பத்து நாள் கழித்து, ஆறு எலிமெண்டும் போய்விட்டது, புதுசு போட்டிருக்கிறேன் என்று 38,000 ரூபாய் வாங்கினார். பழைய எலிமெண்டைக் கேட்டேன், ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றார். பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி சேர்த்தால் உங்களுக்குத்தான் நஷ்டம் என்றார். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மாட்டி ஸ்டார்ட் செய்தால் முதல் அடியிலேயே பிடித்தது. அரை மணி நேரம் ஓடவிட்டு அணைத்தோம், மறுபடி எடுத்தால் வரவில்லை. ஆறினால் வரும், சூட்டில் வராது, வந்தாலும் கறுப்புப் புகை. வடிகட்டி மாற்றினோம், ஏர் எடுத்தோம், நாசில் கழற்றிப் பார்த்தோம், மூன்று வாரம் போனது. அப்பா ஒருநாள் ஷெட்டுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். "சூட்டுல வரலன்னா எலிமெண்ட் தேஞ்சிருக்குடா, டீசல் இளகி உள்ளயே திரும்பிப் போவுது, பம்ப்ப எறக்கு" என்றார். புது எலிமெண்ட் அப்பா என்றேன். "எறக்கு" என்றார்.

இறக்கி வைத்துப் பார்த்தபோதுதான் பெயர்த்தகடு கண்ணில் பட்டது. நம்பர் என்னவோ என்னுடையதுதான். ஆனால் தகட்டின் ரிவெட் இரண்டும் பளபளவென்று இருந்தன, சுற்றி இருக்கிற பெயிண்ட்டோ பழசு. பம்ப் கழற்றுவதற்கு முன் பைப் வரிசை மறக்காமல் இருக்க ஒரு போட்டோ எடுத்திருந்தேன், அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கவாட்டு மூடிக்குக் கீழே, பாடியில் உளியால் வெட்டிய இரண்டு கோடு, பழைய ஒர்க்‌ஷாப்பில் யாரோ போட்ட அடையாளம். கையில் இருந்த பம்ப்பில் அந்தக் கோடு இல்லை. தகட்டை மட்டும் பெயர்த்து வேறு ஒரு செத்த பம்ப்பில் அடித்துக் கொடுத்திருக்கிறார்.

ஓசூரில் வேறொருவரிடம் கொண்டுபோய் என் கண் முன்னால் பிரிக்கச் சொன்னேன். பிளஞ்சரும் பேரலும் ஜோடி ஜோடியாக மைக்ரான் கணக்கில் இழைத்தது, ஒன்றினுடையதை இன்னொன்றில் போடவே கூடாது. அதில் கலந்து கிடந்தன. நான்கு பிளஞ்சரில் நகத்தால் தடவினாலே கோடு தட்டுப்பட்டது.

கடைக்காரர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். கையில் பில் இல்லை.

இதற்கு நடுவில் இன்னொன்று. அப்பா ஓட்டியது போலவே முன்னால் மாட்ட, பத்தான்கோட் பக்கம் ஒருவர் பனி தள்ளும் தகடு இருக்கிறது என்று போட்டோ அனுப்பினார், 45,000 அனுப்பினேன். லாரி வாடகையை நான் இங்கே கட்டும்படி டூ பே போட்டு வந்தது ரோடு போடும் கிரேடரின் பிளேடு. பனித்தகட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் இருக்கும், பனிக்குள் மறைந்திருக்கும் கல்லில் முட்டினால் தகடு மடங்கிக்கொடுக்கும், இதில் ஸ்பிரிங் மாட்ட இடமே இல்லை. இதற்காவது பணம் அனுப்பிய ரசீதும் பேசிய மெசேஜும் இருக்கின்றன. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது என்பதால் இங்கேயே போட்டிருக்கிறேன். வழிகாட்டல் வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

பம்ப் கொடுப்பவர்கள் பாடியை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், தகட்டை மட்டும் எடுத்தால் போதாது. நீங்களாகவே ஒரு மறைவான இடத்தில் பஞ்சால் அடித்து ஒரு அடையாளம் வையுங்கள். பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், நிற்க விடாத கடையில் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய எலிமெண்ட் ஆறும் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள்.

என் பம்ப் இன்னும் இந்த ஊரில்தான் எங்கோ இருக்க வேண்டும். ஆறு சிலிண்டர் மைக்கோ, பாடியில் கறுப்புக்கு அடியில் மிலிட்டரி பச்சை தெரியும், பக்கவாட்டு மூடிக்குக் கீழே உளிக்கோடு இரண்டு. யாராவது உங்களிடம் விற்க வந்தால், கொஞ்சம் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். அப்பாவுக்கு 79 வயது ஆகிறது.